சீர்திருத்தப் பள்ளியில் ஊதப் பழகிய சிறுவன்! உலகத்தையே ஆட வைத்தான்!

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கிறது, கேத்தி பள்ளத்தாக்கு. இங்குள்ள படகர் வீடுகளில் முன்பெல்லாம் சாவு நேர்ந்தால், கோத்தர்கள் வந்து குழலும் கொம்பும் பறையும் வாசிப்பார்கள்.

கடல் கடந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் இது போன்ற வழக்கம் உண்டு. இடுகாட்டுக்குப் போகும்போது சோக கீதம். திரும்பும்போது துள்ளல் இசை!

அதைக் கேட்டு வளர்ந்தவர்தான் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்.

துப்பாக்கி வெடித்தது

1901-ம் ஆண்டில் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் கைவிட்டுப் போய்விட்டார். சிறுவன் லூயி தெருவில் பாடிக் காசு சேர்த்தான். வண்டியில் கரி விற்றான்.

1912-ம் ஆண்டின் கடைசி நாள். ஊரே புத்தாண்டு கொண்டாடியது. லூயியும் ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். போலீசார் பிடித்துச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

கெட்டதிலும் ஒரு நல்லது! அங்கேதான் முறையாக ஊதுகுழல் வாசிக்கக் கற்றான்.

பொருள் இல்லாத பாட்டு

1926-ல் வெளிவந்த ஓர் இசைத்தட்டில், பாட்டின் நடுவே வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் ஓசைகளாலேயே பாடினார். நம் ஊர் ஜதி போல! "ஸ்காட்" என்ற அந்தப் பாணி எங்கும் பரவியது.

அவர் பேச்சும் பரவியது. கூட வாசிப்பவர்களை "பூனைகள்" என்பது ஜாஸ் வித்வான்களின் கொச்சை மொழி. நாடே அப்படிப் பேசத் தொடங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு.

இந்தியாவின் ஆர்ம்ஸ்ட்ராங்

கோவாவில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், பம்பாய் தாஜ் ஓட்டலில் டிரம்பெட் வாசித்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கைப் போலவே குரல். கையில் அதே வெள்ளைக் கைக்குட்டை! "சிக் சாக்லெட்" என்பது அவருடைய மேடைப் பெயர்.

இசை அமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு அவர் துணையாக இருந்தார். 1951-ல் வந்த "அல்பேலா" இந்திப் படத்தில் ஜாஸ் மணம் வீசியது. அதே ராமச்சந்திராதான் 1958-ல் தமிழில் "வஞ்சிக்கோட்டை வாலிப"னுக்கு இசை அமைத்தார்.

பெயர் எங்கே?

சிக் சாக்லெட் 1967-லும், ஆர்ம்ஸ்ட்ராங் 1971-லும் காலமானார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கை உலகம் அறியும். ஆனால் நம் படங்களுக்கு வாசித்த எத்தனையோ கலைஞர்களின் பெயர்கள் திரையில் வந்ததே இல்லை.

பழைய சினிமாப் பாட்டில் டிரம்பெட் முழங்கினால், சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே ஊதுபவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்!