வேலைக்கும் ஒரு வரைபடம்

கரையான்சாவடி வழியாக அன்றாடம் பேருந்தில் செல்வோர், மெட்ரோ ரயிலின் உயர்மட்டப் பாதை தூண் தூணாக எழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை செல்லும் இத்தடத்தின் நீளம் 26.1 கிலோமீட்டர். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திலுள்ள மூன்று தடங்களுள் இது ஒன்று. மூன்றும் சேர்ந்து 118.9 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இக்கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது மதிப்பீடு 63,246 கோடி ரூபாய்.

இத்தடத்தில் ரயில் முதன்முதலாக ஓடிப் பார்த்தது நகரின் நடுவில் அன்று; மேற்குக் கோடியில்தான். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் தூரத்துக்குச் சோதனை ஓட்டம் நடந்தது. ஏப்ரலில் அது கரையான்சாவடியைக் கடந்து போரூர் வரை நீண்டது. மேற்குக் கோடி முந்திக்கொண்டது ஏன்?

விடை எளிது. ரயில்கள் தங்கும் பணிமனை பூந்தமல்லியில் இருக்கிறது. பணிமனை இல்லாமல் ரயிலை இறக்க இடமில்லை. ரயில் இல்லாமல் சோதனை இல்லை. சோதனை முடியாமல் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் சான்று இல்லை. அச்சான்று இல்லாமல் ஒரு பயணியைக்கூட ஏற்ற முடியாது. மேலும், கோடம்பாக்கத்துக்கு மேற்கே பாதை தூண்களின்மேல் செல்கிறது; கிழக்கே பூமிக்கடியில் சுரங்கம் குடைந்து செல்ல வேண்டும். எது எதற்கு முன் முடிய வேண்டும் என்னும் இந்த வரிசைதான் பெரிய பணிகளின் உயிர்நாடி. அவ்வரிசையைக் கணக்கிட்டுக் காக்கும் கலைக்குத் திட்டப்பணி மேலாண்மை என்று பெயர். இன்று அக்கலைக்குத் தரப்படுத்திய முறைகளும், அவற்றைக் கற்றவர்களுக்குச் சான்றிதழ்களும் உள்ளன. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இச்சான்றிதழ்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். அதனால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நீண்ட பாதையே பணியின் காலம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் புதிய இயற்பியல் ஆய்வகம் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் யாவும் நம் கற்பனையே.

வரைபடமும் அனுமதியும் 4 வாரம். அதன்பின் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கலாம். ஒன்று, அடித்தளமும் சுவரும், 10 வாரம். மற்றொன்று, கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்து வரவழைத்தல், 16 வாரம். சுவர் எழுந்தபின் கூரை, 5 வாரம். கூரைக்குப் பின் மின்கம்பி வேலை, 3 வாரம். கட்டடமும் முடிந்து கருவிகளும் வந்த பிறகு, அவற்றைப் பொருத்திச் சோதித்தல், 2 வாரம்.

மாணவர்கள் இதை ஒரு தாளில் வட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து பார்க்கலாம். தொடக்கத்திலிருந்து முடிவுக்கு இரண்டு பாதைகள் தெரியும். கட்டடப் பாதை: 4 + 10 + 5 + 3 + 2 = 24 வாரம். கருவிப் பாதை: 4 + 16 + 2 = 22 வாரம். இரண்டும் முடிந்தால்தான் ஆய்வகம் திறக்கும். ஆகவே பணியின் மொத்தக் காலம் நீண்ட பாதையின் காலமே, அதாவது 24 வாரம். இந்தப் பாதையைப் பொறியாளர்கள் ‘கிரிட்டிகல் பாத்’ என்பார்கள். நாம் நெருக்கடிப் பாதை என்று சொல்லலாம். இதிலுள்ள எந்த வேலை ஒரு வாரம் தாமதித்தாலும் திறப்பு விழா ஒரு வாரம் தள்ளிப்போகும். கருவிகளோ இரண்டு வாரம் தாமதித்தாலும் கேடில்லை. இந்த இரண்டு வாரத்துக்கு ‘ஃப்ளோட்’ என்று பெயர். நெகிழ்வுக் காலம் எனலாம்.

இனி, பணியை விரைவுபடுத்த வேண்டும் என்று முதல்வர் கேட்கிறார். கொத்தனார்களைக் கூடுதலாக அமர்த்திச் சுவர் வேலையில் 3 வாரத்தை மிச்சப்படுத்துகிறோம். கட்டடப் பாதை 21 வாரமாகக் குறைகிறது. ஆனால் ஆய்வகம் 21 வாரத்தில் திறக்காது! கருவிப் பாதை 22 வாரம் அல்லவா? இப்போது அதுவே நெருக்கடிப் பாதை. 3 வாரத்துக்குக் கூலி கொடுத்தோம். கிடைத்தது 2 வாரமே. எல்லா வேலையையும் விரட்டுவது விரயம். எந்த வேலையை, எந்த அளவுக்கு விரட்டுவது என்பதைக் கண்டறிவதே இம்முறையின் பயன்.

முறை பிறந்த கதை

வேலைகளைக் காலக்கோட்டின்மேல் பட்டைகளாக வரைந்து காட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அமெரிக்கரான ஹென்றி காண்ட் பெயரால் அதைக் காண்ட் அட்டவணை என்கிறோம். ஆனால் ஒரு வேலை மற்றொன்றைத் தடுத்து நிறுத்துவதைப் பட்டை தெளிவாகக் காட்டாது.

1957இல் டூ பாண்ட் என்னும் வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், கணிப்பொறி நிறுவனமான ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் நெருக்கடிப் பாதை முறையை உருவாக்கினார்கள். லூயிவில் நகரிலிருந்த ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது சராசரியாக 125 மணி நேரம் உற்பத்தி நின்றுபோவது வழக்கம். புதிய முறையைக் கையாண்டதும் அது 93 மணி நேரமாகக் குறைந்தது.

1958இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் என்னும் ஏவுகணைப் பணிக்காகப் பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. அதுவரை யாரும் செய்திராத பணி அது. இத்தனை வாரம் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே ஒரு வேலைக்கு மூன்று மதிப்பீடுகளைக் கேட்டார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, எல்லாம் கெட்டுப்போனால் எவ்வளவு?

நம் கருவிகளுக்கு இவை 12, 15, 24 வாரங்கள் என்று கொள்வோம். வழக்கமான மதிப்பை நான்கு மடங்காக்கி, மற்ற இரண்டோடும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: 12 + 60 + 24 = 96; ஆறால் வகுத்தால் 16 வாரம். பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் திட்ட விலக்கம் 2 வாரம். நமக்கிருந்த நெகிழ்வுக் காலமும் 2 வாரமே. ஆகவே கருவிகள் அந்த நெகிழ்வையும் தாண்டித் தாமதிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. சோதனைச்சாலையில் அளவீட்டுப் பிழையைக் கணிக்கும் அதே கணிதம் இங்கே நாள்காட்டிக்கு உதவுவதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

தரப்படுத்துதல் எதற்கு?

அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் கடைந்த போல்ட்டு, கோயம்புத்தூரில் செய்த நட்டில் சிக்கலின்றி ஏறுகிறது. இரண்டும் ஒரே தர அளவுப்படி மரை வெட்டப்பட்டவை என்பதே காரணம். பணி செய்வோருக்கும் அப்படி ஒரு பொது அளவு வேண்டும். தூண் எழுப்புபவர் ஒருவர், தண்டவாளம் பதிப்பவர் வேறொருவர், சமிக்ஞை அமைப்பவர் மற்றொருவர். ‘முடிந்துவிட்டது’ என்னும் சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் கொண்டால் அடுத்தவர் வந்து காத்து நிற்க வேண்டியதுதான்.

இத்தேவையால்தான் 1969இல் அமெரிக்காவில் பி.எம்.ஐ. என்னும் திட்டப்பணி மேலாண்மைக் கழகம் தோன்றியது. பிரிட்டிஷ் அரசு தன் கணிப்பொறிப் பணிகளுக்காக 1989இல் பிரின்ஸ் என்னும் முறையை வெளியிட்டது. எல்லா வகைப் பணிகளுக்கும் பொருந்தும்படி திருத்தப்பட்டு அது 1996இல் பிரின்ஸ்-2 ஆயிற்று. ஐ.எஸ்.ஓ. என்னும் உலகத் தர அமைப்பு 2012இல் தன் வழிகாட்டியை வெளியிட்டது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் கட்டுமானத் திட்டப்பணிகளுக்கென ஐ.எஸ். 15883 என்னும் வழிகாட்டியை 2009 முதல் வெளியிட்டுள்ளது.

இம்முறைகள் கணக்கோடு நிற்பதில்லை. பிரின்ஸ்-2இன் விதிகள் சிலவற்றை நம் ஆய்வகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். பணியைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்ட முடிவிலும் ‘இந்தப் பணி இன்னும் தேவைதானா?’ என்று கேட்க வேண்டும். யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு நாள், இவ்வளவு பணம் கூடக் குறைய ஆகலாம் என்று ஓர் எல்லை வகுக்க வேண்டும். எல்லைக்குள் இருக்கும்வரை மேலதிகாரி தலையிடுவதில்லை. எல்லை மீறும் என்று தெரிந்த உடனே அவருக்குச் சொல்லியாக வேண்டும். கெட்ட செய்தி கடைசி வாரத்தில் வெடிக்காமல் முதல் மாதத்திலேயே வெளிவர இது வழிசெய்கிறது.

சான்றிதழ் சொல்வது என்ன?

பி.எம்.ஐ. 1984 முதல் பி.எம்.பி. என்னும் சான்றிதழை அளித்து வருகிறது. இதற்குத் தேர்வு எழுதுமுன் பட்டதாரி ஒருவர் பணிகளை முன்நின்று நடத்திய மூன்றாண்டு அனுபவத்தையும், 35 மணி நேரப் பயிற்சியையும் காட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மேற்படிப்பு நேரம் காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். அனுபவமில்லாத மாணவர்களுக்கு அதே கழகம் சி.ஏ.பி.எம். என்னும் தொடக்கநிலைச் சான்றிதழை வைத்திருக்கிறது. பிரின்ஸ்-2இன் அடிப்படைத் தேர்வுக்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. அதில் தேறியபின் பயிற்சியாளர்நிலைத் தேர்வு எழுதலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். சி.ஏ.பி.எம்., பிரின்ஸ்-2 அடிப்படைநிலை ஆகியவை, ஒருவருக்கு இம்முறையின் சொற்களும் விதிகளும் தெரியும் என்று மட்டுமே சொல்கின்றன. பி.எம்.பி. அதற்கு மேலாக அவருடைய அனுபவத்தையும் சொல்கிறது. அவர் நடத்தும் பணி குறித்த நாளில் முடியும் என்று எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. ஓட்டுநர் உரிமம் சாலை விதி தெரிந்ததற்குச் சான்று. விபத்து நேராது என்பதற்குச் சான்றன்று.

ஆகவே, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவர் பெரிய சான்றிதழுக்கென்று விரிக்கப்படும் பயிற்சி வகுப்பு விளம்பரங்களில் மயங்க வேண்டாம். அவருக்கு அத்தேர்வு எழுதும் தகுதியே இன்னும் வந்திருக்காது. கட்டணமோ சிறியதன்று. முதலில் ஒரு பணியில் இறங்கி, அதை வரைபடமாக்கி நடத்திப் பார்ப்பதே முறை. நிறுவனங்கள் பெயர் குறித்துக் கேட்கும் வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழுக்கு நல்ல பயனுண்டு.

முறையின் எல்லை

முறை எதைச் செய்யாது என்பதற்குக் கரையான்சாவடிக்கு அண்மையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்ஜுன் டாங்குக்கு 1974இல் அனுமதி கிடைத்தது. ஆவடித் தொழிற்சாலையில் உற்பத்தியான முதல் 5 டாங்குகள் இராணுவத்திடம் சேர்ந்தது 2004இல், முப்பது ஆண்டுகள். இடையில் இராணுவத்தின் தேவைகள் மாறின. உள்நாட்டு எஞ்சின் கைகூடாமல் ஜெர்மன் எஞ்சின் பொருத்தப்பட்டது. சேர வேண்டிய ஊரே மாறிக்கொண்டிருந்தால் வழிப்படம் என்ன செய்யும்? அதனால்தான் தரமுறைகள் மாற்றங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைக்கின்றன. ஒரு மாற்றத்தால் எத்தனை நாள், எவ்வளவு பணம் கூடும் என்பதை எழுதிக் காட்டிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதியால் மாற்றத்தைத் தடுக்க முடியாது. அதன் விலையை மறைக்காமல் காட்ட முடியும்.

போலாரிஸ் கதையிலும் ஒரு மறுபக்கம் உண்டு. அப்பணி பெரும் வெற்றி பெற்றது. 1960 ஜூலையில் நீரில் மூழ்கிய கப்பலிலிருந்தே ஏவுகணை பாய்ந்தது. பெர்ட் முறையின் புகழும் உலகெங்கும் பரவியது. ஆனால் அப்பணியை ஆராய்ந்து 1972இல் நூல் எழுதிய ஹார்வி சபோல்ஸ்கி, பெர்ட் உள்ளே வேலையை நடத்தியதைவிட, வெளியார் தலையிடாதபடி காட்டுவதற்கே மிகுதியும் உதவியது என்று முடிவு கூறினார். சுவரில் தொங்கும் வரைபடமும் சட்டமிட்ட சான்றிதழும் அந்த நிலைக்கு இறங்கிவிடக் கூடாது.

நம் நாட்டில் 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆகும் மத்திய அரசுப் பணிகளை, புள்ளியியல் மற்றும் திட்டச் செயலாக்க அமைச்சகம் கண்காணித்து அறிக்கை வெளியிடுகிறது. தாமதம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, எத்தனை ஆண்டு என்பதோடு நிற்காமல் இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்கலாம். தாமதித்த வேலை நெருக்கடிப் பாதையில் இருந்ததா? நெகிழ்வுக் காலம் எவ்வளவு வைத்திருந்தார்கள்? தாமதம் தெரிந்த நாளுக்கும் அதைச் சொன்ன நாளுக்கும் இடையே எத்தனை மாதம்? இக்கேள்விகளைக் கேட்கச் சான்றிதழ் தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும், கூட்டல் கணக்கும் போதும்.