ஐந்து நிமிஷத்தில் 120 பணயங்கள்

கைப்பேசியில் காசு வைத்து ஆடுகிறவர்களை வீட்டார் கவலையோடு விசாரிக்கும்போது பெரும்பாலும் கிடைக்கிற சமாதானம், தாங்கள் மணிக்கணக்கில் ஆடுவதில்லை, பஸ் வரும் வரையில் ஐந்து நிமிஷம், மத்தியான இடைவேளையில் ஐந்து நிமிஷம், படுக்கப் போகுமுன் இன்னும் ஐந்து நிமிஷம், இவ்வளவுதான் என்பது. சொல்லுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்கிறவர்களும் அதை நியாயமென்றே ஏற்றுக்கொள்ளுகிறார்கள். ஏனெனில், சூதாட்டத்தை அதில் செலவாகும் நேரத்தைக் கொண்டு அளக்கும் வழக்கம் பழமையானது. ஒருவன் உடை மாற்றிக்கொண்டு, ஊரைக் கடந்து சென்று, கேசினோ மண்டபத்தில் மேஜையின் முன் அமர்ந்து இரவெல்லாம் ஆடித் திரும்பிய காலத்தில், அந்த அளவுகோல் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. ஆட்டம் கைப்பேசிக்குள் குடிபுகுந்து, ஒரு சுற்று முடிவதற்கு இரண்டு மூன்று விநாடி போதும் என்று ஆகிவிட்ட பிறகு, நிமிஷங்களை எண்ணுவதில் பிரயோஜனமில்லை. அந்த நிமிஷங்களுக்குள் எத்தனை முறை பணயம் வைக்கப்பட்டது என்பதையே எண்ண வேண்டும். இந்த உண்மையை ஒப்புக்கொண்டு, ஆட்டத்தின் வேகத்துக்கே சட்டத்தால் வரம்பு கட்டிய நாடுகளில் பிரிட்டன் முக்கியமானது. இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கி, வரி வாங்கி, பகிரங்கமாக நடக்கவிடுகிற தேசம் அது; ஆகையால் இவ்விவகாரத்தின் உள்ளும் புறமும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன.

கணக்கு சொல்வது

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரையுள்ள எண்களும் ஒரு பூஜ்யமுமாக 37 குழிகள் இருக்கின்றன. ஏதேனும் ஓர் எண்ணின்மேல் பணயம் வைத்து வென்றவனுக்கு, வைத்த தொகையைத் திருப்பித் தருவதோடு அதைப்போல 35 மடங்கு பரிசாகக் கொடுக்கிறார்கள். 37 குழிகள் உள்ள சக்கரத்தில் நியாயப்படி கொடுக்க வேண்டியது 36 மடங்கு. குறைத்துக் கொடுக்கப்படும் அந்த ஒரு மடங்கே நடத்துகிறவரின் அனுகூலம். வைக்கப்படும் பணத்தில் நூற்றுக்குச் சுமார் 2.7 பங்கு, நீண்ட காலக் கணக்கில், அவரிடமே தங்கிவிடுகிறது. சக்கரத்தைச் சுழற்றி, பந்து ஓடி நின்று, தோற்ற காசுகளை வாரி, வென்ற காசுகளை எண்ணிக் கொடுத்து, மறுபடியும் சுழற்றுவதற்கு அவகாசம் வேண்டியிருப்பதால், மண்டபத்து மேஜையில் ஐந்து நிமிஷத்தில் மூன்று சுற்றுகள் நடந்தால் அதிகம். சுற்றுக்கு ஒரு பிரிட்டிஷ் பவுன் வீதம் வைத்து ஆடுகிறவன் மூன்று பவுனைப் பணயமாக்குகிறான். அவனுடைய சராசரி நஷ்டம் எட்டுப் பென்ஸ்.

இனி, அதே மனிதன் கைப்பேசியில் ஸ்லாட் எனப்படும் சுழல் சித்திர ஆட்டத்தை, அதே ஒரு பவுன் வீதம் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். வைத்த பணத்தில் நூற்றுக்கு 95 திரும்பக் கிடைக்கும்படி அமைந்த ஆட்டம் அது. ஒரு சுழற்சிக்கு இரண்டரை விநாடி. நிமிஷத்துக்கு 24 சுழற்சிகள். ஐந்து நிமிஷத்தில் 120. பணயமான தொகை 120 பவுன். சராசரி நஷ்டம் ஆறு பவுன். நேரம் இரண்டிலும் ஐந்து நிமிஷந்தான். நஷ்டமோ ஏறத்தாழ 75 மடங்கு. இந்த வித்தியாசத்தில், நடத்துகிறவரின் பங்கு 2.7 என்பதிலிருந்து 5 ஆக உயர்ந்ததால் நேர்ந்தது இரண்டு மடங்குக்கும் குறைவே. 40 மடங்கு, வேகம் ஒன்றினால் மட்டுமே விளைந்தது.

"நூற்றுக்கு 95 திரும்பக் கிடைக்கும்" என்ற வாசகத்தையும் பலர் தவறாகப் பொருள்கொள்ளுகிறார்கள். நூறு ரூபாயோடு ஆட உட்கார்ந்தால் தொண்ணூற்றைந்து ரூபாயோடு எழுந்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வைத்த பணத்தில்தான் அந்த விகிதம். திரும்பி வந்த பணமே அடுத்த சுற்றில் மறுபடியும் பணயமாவதால், கையில் பத்துப் பவுனே வைத்திருந்தவன்கூட ஐந்து நிமிஷத்தில் 120 பவுனைச் சுழலவிட முடிகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும், சராசரியாக, அதில் ஒரு சிறு பங்கு குறைகிறது.

குறைந்த நேர ஆட்டத்தில் ஜயித்து எழுவது உண்மையிலேயே சாத்தியம் என்பதை மறுப்பதற்கில்லை. நூறு, நூற்றிருபது சுற்றுகளில் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் நடத்துகிறவரின் பங்கைவிடப் பெரிதாக இருக்கும். சிலர் லாபத்தோடு நிறுத்துவார்கள். ஆனால் யந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது. காலையில் நிறுத்திய ஆட்டமும் மாலையில் தொடங்கிய ஆட்டமும் அதற்கு ஒரே தொடர்தான். நாளொன்றுக்கு ஆறு முறை ஐந்தைந்து நிமிஷமாக ஆடுகிறவன் அரைமணி நேரம் ஆடுகிறான். 720 பணயங்கள் வைக்கிறான். மாதங்கள் செல்லச் செல்ல, சுற்றுகளின் தொகை பெருகப் பெருக, ஏற்ற இறக்கம் அடங்கி, நூற்றுக்கு ஐந்து என்ற அந்த நிச்சயமான நஷ்டமே மேலோங்கி நிற்கும். இடையிடையே எழுந்து போனதால் அந்தக் கணக்கு ஒரு காசும் மாறுவதில்லை.

வேகம் எங்கிருந்து வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்ற யந்திரத் தொழிலாளர் மூன்று சக்கரங்கள் கொண்ட 'லிபர்ட்டி பெல்' யந்திரத்தைச் செய்தபோது, சக்கரம் சுழன்று நிற்பதே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. 1984-இல் டெல்னஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை அந்தச் சம்பந்தத்தை அறுத்தது: முடிவைத் தீர்மானிப்பது கணினி தேர்ந்தெடுக்கும் எண், கண்ணுக்குத் தெரியும் சக்கரம் அந்த முடிவைக் காட்டுவதற்கான கருவி மட்டுமே. இணைய ஆட்டத்தில் சக்கரமும் இல்லை, அதன் சித்திரந்தான் இருக்கிறது. ஆடுகிறவன் பொத்தானைத் தொட்டதும் முடிவு ஆகிவிடுகிறது. அதன்பின் திரையில் சுழல்வதெல்லாம் வெறும் காட்சி.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. பந்து ஓடவேண்டிய அவசியமோ, சீட்டைக் கலைக்கவேண்டிய அவசியமோ இல்லாதபோது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஆட்டத்தின் இயல்பு தீர்மானிப்பதில்லை; ஆட்டத்தை வடிவமைக்கிறவரே தீர்மானிக்கிறார். காட்சியைச் சுருக்கும் 'டர்போ' வசதியும், கையை எடுத்துவிட்டாலும் தானே சுழன்றுகொண்டிருக்கும் 'ஆட்டோபிளே' வசதியும், ஓடும் சித்திரத்தைத் தொட்டு நிறுத்தும் பொத்தானும் அவ்வாறு சேர்க்கப்பட்டவை. கடைசியாகச் சொன்னது விசேஷமாகக் கவனிக்கத் தக்கது. முடிவு முன்பே ஆகிவிட்டிருக்க, தக்க தருணத்தில் தொட்டு நிறுத்தினோம் என்ற பிரமையை அது ஆடுகிறவனுக்கு உண்டாக்குகிறது. சில வருஷங்களாகப் பரவியிருக்கும் 'கிராஷ்' வகை ஆட்டங்களில், ஒரு விமானம் மேலேற ஏறப் பெருக்கும் எண் உயர்கிறது. அது மறைவதற்குள் பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சாமர்த்தியத்துக்கு இடமுள்ளதுபோல் தோன்றும் இவ்வாட்டத்திலும், நூற்றுக்கு 97 திரும்பும்படி அமைந்திருந்தால், இரண்டு மடங்கை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 48.5 தான், எந்த இடத்தில் எடுத்தாலும் சராசரி நஷ்டம் அதே மூன்றுதான்.

மனத்துக்கு நேர்வது

உளவியலறிஞர்களான பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், பரிசு எந்த முயற்சியில் கிடைக்கும் என்று தெரியாதபடி அமைத்தால், பிராணிகள் ஓயாமல், மிக்க வேகத்தோடு முயற்சி செய்துகொண்டே இருக்கும் என்பதைக் காட்டினார்கள். ஸ்லாட் ஆட்டத்தின் அமைப்பு அதுவே. அதனோடு வேகமும் சேரும்போது, இழப்பு மனத்தில் இழப்பாகப் பதிவதற்கு வேண்டிய அவகாசம் பறிபோகிறது. தோற்ற வருத்தம் எழுவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. சூதாடுகிறவனைக் காப்பாற்றக்கூடிய யோசனை எதுவாயினும், அது தோற்றதற்கும் அடுத்த பணயத்துக்கும் நடுவேயுள்ள அந்த இடைவெளியிலேயே பிறக்க வேண்டும்; வேகம் அந்த இடைவெளியைத்தான் விழுங்குகிறது.

வேறு உபாயங்களும் உண்டு. ஒரு பவுன் வைத்தவனுக்கு நாற்பது பென்ஸ் திரும்பி வரும்போது, அவன் அறுபது பென்ஸ் தோற்றிருக்கிறான். ஆனால் திரை மின்னி, மணியோசை எழுந்து, வெற்றி கொண்டாடப்படுகிறது. கானடாவின் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2010-இல், இவ்வாறு வெற்றிவேஷம் பூண்ட தோல்விகளுக்கும் ஆடுகிறவர்களின் உடல் வெற்றிக்குப்போலவே கிளர்ச்சி அடைகிறது என்று எடுத்துரைத்தார்கள். லாஸ் வேகாஸ் நகரத்து யந்திரச் சூதாடிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து நடாஷா டவ் ஷூல் 2012-இல் வெளியிட்ட நூலோ, முற்றிய நிலையில் அவர்கள் ஜயிப்பதற்காக ஆடுவதில்லை, ஆட்டத்தின் ஓட்டத்தில் தம்மை மறந்து கிடப்பதற்காகவே ஆடுகிறார்கள் என்ற துயரமான முடிவுக்கு வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாற்றைக் குடி முதலிய போதைப் பழக்கங்களின் பகுதியிலேயே சேர்த்தது.

பிரிட்டன் கட்டிய வரம்பு

பிரிட்டனின் சூதாட்டச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது; தொடுதிரைக் கைப்பேசி ஜனங்களிடையே பரவுவதற்கு முன்பே எழுந்த சட்டம் அது. முதலில் பெருங்கிளர்ச்சி எழுந்தது பந்தயக் கடைகளில் வைத்திருந்த ரூலெட் யந்திரங்களைப் பற்றி. அவற்றில் 20 விநாடிக்கு ஒரு முறை 100 பவுன் வரையில் வைக்க முடிந்தது. வரம்பை இரண்டு பவுனாகக் குறைப்பதாக சர்க்கார் 2018-இல் அறிவித்துவிட்டு, அமலாக்கத்தைத் தாமதப்படுத்தியபோது, அத்துறையின் மந்திரி டிரேசி கிரௌச், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உயிர்களுக்கு ஆபத்து என்ற அபிப்பிராயத்தோடு பதவியைத் துறந்தார். அதன்பின் சர்க்கார் இறங்கிவந்து, 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வரம்பை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் கடையிலிருந்த யந்திரத்துக்குப் பூட்டுப் போட்ட அன்றும், அதில் ஆடியவரின் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியில் பணயத்துக்கு வரம்பு இல்லை.

அந்தக் குறை படிப்படியாகவே நீக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் கடன் அட்டையால் சூதாடுவது தடுக்கப்பட்டது. 2021 அக்டோபர் 31 முதல், இணைய ஸ்லாட்டில் ஒரு சுழற்சி இரண்டரை விநாடிக்குக் குறையக் கூடாது; ஆட்டோபிளே கூடாது; வைத்ததற்கு மிஞ்சாத தொகை திரும்பும்போது அதை வெற்றியாகக் கொண்டாடக் கூடாது; எவ்வளவு நேரம் ஆடினார், எவ்வளவு இழந்தார் என்பது திரையில் தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் மற்ற கேசினோ ஆட்டங்களுக்கும் ஒரு சுற்றுக்குக் குறைந்தது ஐந்து விநாடி என்ற விதி வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் ஸ்லாட் பணயத்துக்கு ஐந்து பவுன் உச்ச வரம்பும், மே மாதத்தில் 18 முதல் 24 வயதுள்ளவர்களுக்கு இரண்டு பவுன் வரம்பும் ஏற்பட்டன. ஜெர்மனி 2021 ஜூலையிலேயே ஸ்லாட்டில் சுழற்சிக்கு ஐந்து விநாடி, பணயம் ஒரு யூரோவுக்கு மேற்படக் கூடாது என்று கடுமையாக விதித்துவிட்டது.

விநாடியைப் பற்றிச் சட்டம் செய்வது அற்பமென்று தோன்றலாம். இரண்டரை விநாடி ஐந்தானால் ஐந்து நிமிஷத்தின் 120 பணயங்கள் 60 ஆகின்றன. சராசரி நஷ்டம் பாதியாகிறது. இத்தனை பலனைத் தரும் எச்சரிக்கை வாசகம் எதுவும் உலகத்தில் எழுதப்படவில்லை.

நம் தேசத்தில்

இந்தியாவில் பாராளுமன்றம் வேறு வழியைத் தேர்ந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ என்ற பேதமின்றி அடியோடு தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில், ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் அழிந்த செய்திகளின் விளைவாக, நீதிபதி சந்துரு குழு அறிக்கை அளித்தது; 2023-இல் தனிச் சட்டம் வந்தது. 2025-இல் செய்த விதிகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரையில் ஆட்டத்தைத் தடுத்தன, சென்னை உயர்நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. எனினும், வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளங்கள் ஒரு தேசத்தின் தடைக்கு முழுமையாக அடங்குவதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனிதனைக் காப்பது அவனுடைய சொந்தக் கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: ஒரு சுற்றுக்கு எவ்வளவு பணயம், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, நூற்றுக்கு எவ்வளவு நடத்துகிறவருக்கு. மூன்றையும் பெருக்கி வருவதே அந்த ஆட்டத்துக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று ஆடுகிறவர் கொடுக்கும் கூலி. ஐந்து நிமிஷந்தானே என்று சொல்லும் மகனையோ தம்பியையோ கடிந்துகொள்வதற்கு முன், அவரோடு உட்கார்ந்து அந்தப் பெருக்கலைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவருக்கு இது மட்டும் போதாது. அவருக்குத் தேவை மனநல மருத்துவரின் உதவியும், வீட்டாரின் பொறுமையும். ஆனால் இன்னும் விளிம்பில் நிற்கிறவர்கள் ஏராளம். தாங்கள் கொஞ்சந்தான் ஆடுகிறோம் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை எங்கே பிழையாகிறது என்பதை உரிய காலத்தில் எடுத்துக் காட்டுவது, அவர்கள்மேல் அன்புள்ள ஒவ்வொருவரின் கடமை.