காசு கொடுக்கும் கம்ப்யூட்டர்

பணத்தை யாருக்கும் தராதே. ஃப்ரேசா என்ற செயற்கை அறிவு ஏஜென்ட்டுக்கு இடப்பட்ட கட்டளை இதுதான். 2024 நவம்பரில் இன்டர்நெட்டில் நடந்த பந்தயம் அது. கட்டணம் கட்டி யாரும் அதனிடம் பேசலாம். மனதை மாற்றிவிட்டால் அதன் வசமுள்ள கிரிப்டோ பணம் முழுதும் அவருக்கு. 10 டாலரில் தொடங்கிய கட்டணம் 450 டாலர் வரை ஏறியது. பாதுகாப்பு நிபுணராக நடித்தவர்கள்கூட உண்டு. 481 முயற்சிகள் தோற்றன.

482-வது ஆசாமி கில்லாடி. பணம் அனுப்பும் கட்டளை உண்மையில் பணம் வாங்குவதற்கானது என்று நம்பவைத்தார். பிறகு, 100 டாலர் நன்கொடை தருவதாகச் சொன்னார். அதை 'வாங்கிக்கொள்ள' முனைந்த ஃப்ரேசா, சுமார் 47,000 டாலரை (அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ. 40 லட்சம்) அவருக்கே அனுப்பிவைத்தது.

பந்தயப் பணம், போகட்டும். ஆனால் 2025 மே மாதம் அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்402 சாஃப்ட்வேர் நிஜ வியாபாரத்துக்கானது. ஏஜென்ட் ஒரு தகவலைக் கேட்கும். எதிர்முனைக் கம்ப்யூட்டர் விலை சொல்லும். டாலருக்கு நிகரான யுஎஸ்டிசி நாணயத்தில் ஏஜென்ட்டே பணம் கட்டிவிடும். உரிமையாளர் பட்டனைத் தட்ட வேண்டியதில்லை. (இன்டர்நெட்டில் 'பணம் தேவை' என்பதற்கான 402 என்ற எண் 1990களிலேயே ஒதுக்கப்பட்டு, பெரிதாக உபயோகமின்றித் தூங்கிக்கொண்டிருந்தது.)

கிரெடிட் கார்டு என்றால் வங்கியிடம் முறையிடலாம். கிரிப்டோவில் போனது போனதுதான். அதனால் விவரமானவர்கள் ஏஜென்ட்டிடம் சில்லறைச் செலவுக்கான தொகையை மட்டுமே விட்டுவைக்கிறார்கள். உச்சவரம்பும் ஏஜென்ட்டின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. யார் என்ன பேசினாலும் காதில் வாங்காத தனி புரோகிராம் அதைக் காவல் காக்கிறது. அதைத் தாண்டினால், உரிமையாளரின் ஒப்புதல் வரும்வரை பணம் நகராது.