சர்வீஸ் முடிந்த பைக்... பின் பிரேக் சரியாக இருக்கிறதா?

விடியற்காலையில் இரண்டு பால் கேன், மதியம் ஒரு மூட்டை யூரியா, மாலையில் ஒரு கட்டு சோளத்தட்டை... கிராமத்து பைக்குக்கு ஓய்வே கிடையாது. சுமை முழுவதும் பின்னால் ஏறுவதால், இறக்கத்திலும் வரப்பு ஓரத்து மண் பாதையிலும் வண்டியை நிறுத்துவதில் பின் பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ‘சர்வீஸுக்கு விடும்போது நன்றாக இருந்தது. எடுத்து வந்த பிறகு பின் சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது’, ‘பெடலை அழுத்தினால் பிடிப்பே இல்லை’ என்று பலரும் சொல்வதுண்டு. இதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பழுது அல்ல, சர்வீஸ் முடிவில் விட்டுப்போன ஒரு சின்ன வேலைதான்.

செயினை இழுத்தால் பிரேக்கும் இறுகும்

100 சிசி, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் பின்னால் இருப்பது டிரம் பிரேக். காலால் பெடலை அழுத்தினால், நீளமான பிரேக் ராடு சக்கரத்தின் பக்கத்தில் உள்ள லிவரை இழுக்கும். உள்ளே இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மில் உரசும்.

சர்வீஸில் தளர்ந்த செயினைச் சரிசெய்ய, பின் சக்கரத்தின் ஆக்சிலைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். சக்கரத்தோடு அந்த லிவரும் பின்னால் போகிறது. ராடின் நீளமோ மாறுவதில்லை. அதனால் பெடலைத் தொடாமலேயே பிரேக் கொஞ்சம் பிடித்த நிலையில் நின்றுவிடும். செயினை முடித்ததும் பிரேக்கையும் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் இந்தக் கடைசி வேலை விட்டுப்போனால் ஷூ உரசிக்கொண்டே ஓடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஷூ சீக்கிரம் தேயும், டிரம் சூடேறி, தேவையான நேரத்தில் பிடிப்பு குறையும்.

ஐந்து நிமிடச் சோதனை

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். லேசான உரசல் சத்தம் கேட்கலாம், ஆனால் சட்டென்று நிற்கக்கூடாது.

அடுத்து, பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம், இந்த வகை வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். தூரம் குறைந்தால் ராடின் முனையில் உள்ள நட்டை இடப்பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். கூடினால் வலப்பக்கம் திருப்பி இறுக்குங்கள். அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. நட்டில் உள்ள பள்ளம், லிவரில் உள்ள உருளைப் பின்னில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெடலை அழுத்தும்போது பின் விளக்கு எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பின் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். அனல் அடித்தால் பிரேக் இன்னும் உரசுகிறது.

பிடிப்பே இல்லையென்றால்...

வாட்டர் வாஷ் செய்து எடுத்த உடனே பிடிப்பு குறைந்திருந்தால், டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாகச் சில முறை அழுத்தினால் காய்ந்துவிடும். வாய்க்காலைக் கடந்து வந்த பிறகும் இதையே செய்யலாம்.

புது ஷூ போட்டிருந்தால், டிரம்மோடு பொருந்தும் வரை முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிடிப்பு சற்றுக் குறைவாக இருக்கும். அதுவரை அதிகச் சுமை ஏற்றாமல் இருப்பது நல்லது. அதன் பிறகும் பிடிக்காவிட்டால், கிரீஸ் ஷூவில் பட்டிருக்கலாம். கிரீஸ் ஊறிய ஷூவை மாற்றுவதுதான் வழி.

நட்டை இறுக்கிக்கொண்டே போவது தேய்ந்த ஷூவுக்குத் தீர்வு ஆகாது. பல வண்டிகளில் லிவர் அருகே அம்புக்குறி ஒன்று இருக்கும். பெடலை முழுதாக அழுத்தும்போது அந்த அம்பு, டிரம் மூடியில் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது என்று பொருள்.

மறக்கக்கூடாத நட்டுகள்

டிரம் மூடியையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் தட்டையான கம்பி ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது மூடி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் தடுப்பது இதுதான். இதன் நட்டு இறுகியிருக்கிறதா, பாதுகாப்புப் பின் போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆக்சில் நட்டும் அப்படித்தான். இவற்றில் ஏதாவது தளர்ந்திருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். அங்கேயே மெக்கானிக்கை வரவழையுங்கள்.

சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள்

வண்டியை விடும்போதே ‘செயின் சரிசெய்தபின் பின் பிரேக்கும் பார்க்க வேண்டும்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஷூ மாற்றினால் பழைய ஷூவைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். குறை இருந்தால் அன்றே ஜாப் கார்டோடு திரும்பிப் போனால், சரிசெய்து தரச் சொல்வது எளிது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

வாசகர் கேள்விகள்

‘பிரேக் கீச்சிடுகிறது. டிரம்முக்குள் எண்ணெய் விடலாமா?’

கூடவே கூடாது. பிரேக் அடியோடு போய்விடும். தூசியோ, வழவழப்பாகிப் போன ஷூவோ காரணமாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

‘பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் பிடிக்கிறது. இது பழுதா?’

இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். சி.பி.எஸ். வண்டியில் ஒரே பெடல் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும். இதில் பின் பிரேக்கை மாற்றினால் முன் பிரேக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால், மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.