பள்ளிக்கூடமும் பள்ளியறையும்

‘முரளிதர கோபாலா’, ‘தாயே திரிபுரசுந்தரி’ ஆகிய கீர்த்தனைகளை ஆலய விழாக்களில் கேட்டு உள்ளம் கசியாத அன்பர்கள் அரியர். அவற்றை இயற்றிய பெரியசாமித் தூரன் கொங்கு மண்ணின் மைந்தர் என்பதும் இசை அன்பர் பலர் அறிந்ததே. ஆனால், கண்ணனையும் அம்பிகையையும் முருகனையும் பாடிய அதே கரம், குழந்தையின் மனம் எவ்வாறு வளர்கிறது என்பது பற்றியும் எளிய தமிழில் நூல்கள் எழுதியது என்பதை அறிந்தவர் சிலரே.

1908ஆம் ஆண்டு, இன்றைய ஈரோடு மாவட்டத்தில் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் பிறந்தவர் தூரன். சென்னையில் கல்லூரியில் பயின்றபோது, 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட துயரத்தால் பட்டப் படிப்பின் இறுதித் தேர்வை எழுத மறுத்தார். பின்னர் கோபிசெட்டிபாளையத்திலும், தி. சு. அவிநாசிலிங்கம் 1930இல் தொடங்கிய கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியப் பணி புரிந்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். அதன்பின் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள் கண்டார். 1968இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

அவர் எழுதிய மனவியல் நூல்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒரு மனிதனின் வளர்ச்சி கண்முன் விரிகிறது: பாரம்பரியம், கருவில் வளரும் குழந்தை, குழந்தை உள்ளம், குமரப் பருவம். இவற்றோடு தாழ்வு மனப்பான்மை, அடிமனம், மனம் என்னும் மாயக் குரங்கு ஆகியனவும் உண்டு. அவருடைய படைப்புகள் இன்று நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. அந்தத் தலைப்புகள் சுட்டும் பாதையில், இன்றைய மனவியல் கண்டவற்றையும் ஆன்றோர் மரபில் உள்ளவற்றையும் அருகருகே வைத்து நோக்குவது, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்து வளர்க்கும் பெரியோர்க்குப் பெரிதும் பயன் தரும்.

கருவில் கேட்கும் செவி

தாயின் வயிற்றில் இருந்தபடியே நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் பிரகலாதன். சுபத்திரையின் கருவிலிருந்து சக்கர வியூகத்தினுள் புகும் வழியைக் கேட்டறிந்தான் அபிமன்யு. தாய் இடையில் உறங்கிவிட, வெளியேறும் வழி அவனுக்குத் தெரியாமற்போயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

கரு வேதாந்தம் கற்குமா, போர்முறை பயிலுமா என்பது விஞ்ஞானத்தின் ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று. ஆயினும், கருவுக்குச் செவிப்புலன் உண்டு என்பதில் இன்று ஐயமில்லை. ஆறாம், ஏழாம் மாதங்களில் கரு ஒலிகளுக்கு அசைந்து மறுமொழி தருகிறது. 1980இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பிறந்து மூன்று நாள்களே ஆன சிசுக்கள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்டன. 1986இல் வெளியான மற்றோர் ஆய்வில், கருவுற்ற தாய்மார்கள் கடைசி ஆறு வாரங்கள் நாள்தோறும் ஒரே கதையை உரக்கப் படித்தனர். பிறந்த பின் அச்சிசுக்கள் புதுக் கதையைவிடப் பழகிய கதையின் ஓசையையே நாடின.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்தி, இரு கை நிறைய வளையல் பூட்டி, பாட்டுப் பாடி வாழ்த்துவது தமிழ்நாட்டு வழக்கம். அந்த வளையோசை கருவின் செவிக்கு எட்டும் என்று பாட்டிமார் சொல்லிவந்தனர். கருவின் செவி திறக்கும் காலத்தோடு இவ்வழக்கம் பொருந்துவது எண்ணி மகிழத்தக்கது.

குழந்தை உள்ளம்

ஒரே அளவான பாலை அகன்ற கிண்ணம் ஒன்றிலும், குறுகி உயர்ந்த டம்ளர் ஒன்றிலும் ஊற்றி, ஐந்து வயதுக் குழந்தையிடம் எதில் அதிகம் என்று கேட்டால், உயர்ந்து நிற்கும் டம்ளரையே அது காட்டும். கண்முன்னே மாற்றி ஊற்றிக் காட்டினாலும் பெரும்பாலும் அதே விடைதான் வரும். ஏழு வயதளவில் அக்குழந்தையே, இரண்டும் ஒன்றுதானே என்று சிரிக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாசே இத்தகைய எளிய சோதனைகளால் ஓர் உண்மையை நிறுவினார். குழந்தை என்பது அறிவு குறைந்த பெரியவர் அன்று. அது வேறு விதமாக எண்ணும் ஓர் உயிர். அதன் சிந்தனை படிப்படியாக மலர்கிறது. மொட்டைக் கையால் விரித்தால் மலர் ஆகாது.

இதை உணராத இடத்தில்தான் ஒப்பீடு தலைகாட்டுகிறது. அண்ணன் மகன் இந்த வயதில் பெருக்கல் வாய்பாடு முழுதும் சொன்னான், இவனுக்கு ஏன் வரவில்லை என்னும் சொல், சொல்பவர்க்கு ஒரு நொடி. கேட்கும் பிள்ளைக்கோ பல்லாண்டு. தாழ்வு உணர்ச்சியைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் வியன்னா நகர மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர். எல்லாக் குழந்தைகளும் பெரியோர் நடுவே தம்மைச் சிறியோராக உணர்வது இயல்பு. ஊக்கம் கிடைத்தால் அவ்வுணர்ச்சி முயற்சியாக மாறும், ஏளனம் கிடைத்தால் மனத்தில் முள்ளாகத் தங்கும் என்பது அவர் கொள்கையின் சாரம். தூரனும் அப்பெயரிலேயே ஒரு நூல் எழுதியது, பள்ளிப் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியர் ஒருவரின் அக்கறையைக் காட்டுகிறது.

ஒரே சொல், இரு பொருள்

தமிழில் ‘பள்ளி’ என்பது படிக்கும் இடம். ‘பள்ளி’ என்பது துயிலும் இடமும் ஆகும். பள்ளிக்கூடமும் பள்ளியறையும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். சமண முனிவர்கள் மலைக்குகைகளில் கற்படுக்கைகள் அமைத்துத் தங்கினர். அவ்விடங்களிலேயே கல்வியும் கற்பித்தனர். அதனால் உறைவிடத்தின் பெயர் கல்விக்கூடத்துக்கும் ஆயிற்று என்பது அறிஞர் பலர் கருத்து.

சொல்லில் சேர்ந்திருக்கும் இவ்விரண்டும் உடலிலும் சேர்ந்தே இயங்குகின்றன. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். பொருளற்ற சிறு சொற்களை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். சில மணி நேரம் கழித்துக் கேட்டபோது, இடையில் விழித்திருந்த வேளையைவிட உறங்கியெழுந்த வேளையில் மிகுதியான சொற்கள் நினைவில் நின்றன. அதன்பின் நடந்த ஆய்வுகள் காரணத்தையும் ஓரளவு விளக்கின. பகலில் கற்றவற்றை மூளை ஆழ்ந்த உறக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்து, நிலையான நினைவாகச் சேர்த்து வைக்கிறது. உடல் வளர்ச்சிக்கான ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதும் அவ்வேளையிலேயே.

கனவு தோன்றும் உறக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசைவதை 1953இல் சிகாகோ நகர ஆய்வாளர்கள் அறிவித்தனர். பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி இத்தகையதே. உறங்கும் சிசு காரணமின்றிச் சிரிக்கும்போது, சாமி பூக்காட்டிச் சிரிப்பூட்டுகிறார் என்று பாட்டிமார் மகிழ்வர். அச்சிரிப்பு பெரும்பாலும் மலர்வது இவ்வுறக்கத்தில்தான்.

சிவாலயங்களில் அர்த்தசாம பூசை முடிந்ததும் இறைவனின் திருவடி பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளும். பால் நிவேதனமாகும், ஊஞ்சலும் தாலாட்டும் உண்டு. விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடியபின்தான் திருவாயில் திறக்கும். உறக்கமே தேவைப்படாத பரம்பொருளுக்கு உறங்கும் வேளை வகுத்த மரபு, உறங்கியே ஆகவேண்டிய உயிர்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில் விளக்கைத் தணிப்பது, பால் பருகுவது, மெல்லிய பாட்டு, பின் துயில் என்பதே அந்த ஒழுங்கு. குழந்தை மருத்துவர்கள் இன்று பெற்றோர்க்குச் சொல்லும் அறிவுரையும் இதுவே.

குமரப் பருவமும் நாலு மணி விழிப்பும்

6 முதல் 13 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய உறக்க நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது வாய்க்கிறது?

கொங்கு நாடு கல்விக்குப் பெயர் பெற்ற பூமி. கோவையின் கல்லூரிகளை நாடியும், நாமக்கல், இராசிபுரம் பகுதிகளின் விடுதிப் பள்ளிகளை நாடியும் தமிழகமெங்கிலுமிருந்து பிள்ளைகள் வருகின்றனர். மதிப்பெண்ணுக்காக இரவு பதினொன்று வரை படிப்பு, விடியற்காலை நாலு மணிக்கு மீண்டும் படிப்பு என்பது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. பிரம்ம முகூர்த்தத்தில் எழுவது பெரியோர் வகுத்த நல்வழியே. ஆனால், அதை வகுத்தவர்கள் விளக்கு வைத்துச் சிறிது நேரத்தில் உண்டு உறங்கியவர்கள். முன்னிரவை விட்டுவிட்டுப் பின்னிரவை மட்டும் எடுத்துக்கொண்டால் அது விரதம் ஆகாது, பட்டினி ஆகும்.

மேலும், குமரப் பருவத்தில் உடலின் உறக்கக் கடிகாரம் தானாகவே ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. உறக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு அவ்வயதில் காலந்தாழ்ந்தே எழுகிறது. ஆகவே காலையில் எழ இயலாமல் புரளும் பதினைந்து வயதுப் பேரன் எல்லா வேளையிலும் சோம்பேறி அல்லன். கைப்பேசியின் வெளிச்சம் அக்கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். கண்டிக்க வேண்டியது நள்ளிரவுக் கைப்பேசியையே. காலை உறக்கத்தை அன்று.

அவிநாசியில் மீண்ட ஆண்டுகள்

திருப்புக்கொளியூர் அவிநாசி வீதியில் சுந்தரமூர்த்தி நாயனார் வந்தபோது, ஒரு வீட்டில் மங்கல ஒலி; எதிர் வீட்டில் அழுகை. ஐந்து வயதில் ஒன்றாகக் குளத்துக்கு நீராடச் சென்ற இரு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம்; இழந்த வீட்டில் அந்த நினைவின் துயரம். சுந்தரர் குளக்கரைக்குச் சென்று பதிகம் பாடினார். முதலை பிள்ளையைக் கரையில் கொணர்ந்து உமிழ்ந்தது. மீண்டு வந்தவன் ஐந்து வயதுப் பாலகனாக இல்லை; இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சி முழுவதையும் பெற்று வந்தான் என்பதே அந்த அற்புதத்தின் நுட்பம். இறைவன் உயிரை மட்டுமன்று, போன ஆண்டுகளையும் சேர்த்தே தந்தருளினான்.

அருளாளர் செய்த அற்புதம் அது. மற்றையோர் வாழ்வில் குழந்தைப் பருவத்தின் ஆண்டுகள் விழுங்கப்பட்டால் திரும்ப வருவதில்லை. விளையாடாத மாலையையும், கதை கேளாத இரவையும், உறங்காத வைகறையையும் பின்னாளில் எந்த மதிப்பெண் பட்டியலும் மீட்டுத் தராது. இன்று குளத்தில் முதலை இல்லை. ஆனால் பிள்ளைகளின் ஆண்டுகளை விழுங்குபவை பல உள்ளன.

முதுமையும் வளர்ச்சியே

வளர்ச்சி இருபது வயதோடு முடிகிறது என்று எண்ணிய காலமும் உண்டு. அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் எரிக் எரிக்சன். 1950இல் வெளியான தம் நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்து, முதுமையையும் வளர்ச்சியின் ஒரு படியாக வைத்தார். கடந்த வாழ்வை நிறைவோடு ஏற்பதே அப்பருவத்தின் பணி என்றார். அதற்கு முந்திய படி, அடுத்த தலைமுறையைப் பேணுதல். காந்தியடிகளின் வாழ்வை ஆராய்ந்து 1969இல் இவர் எழுதிய நூலும் புகழ்பெற்றது. பிரமசரியம் முதல் சந்நியாசம் வரை நான்கு ஆசிரமங்கள் கண்ட மரபுக்கு இவ்வுண்மை அந்நியமன்று.

முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறைவதும், நடுவில் இரண்டொரு முறை விழிப்பதும், வைகறைக்கு முன்பே உறக்கம் கலைவதும் இயல்பு. 65 வயதைக் கடந்தவர்க்கும் 7 முதல் 8 மணி நேர உறக்கம் நலம். பகலில் நெடுநேரம் உறங்காமல் இருப்பதும், காலை வெயிலில் கோயில் பிராகாரத்தை வலம் வருவதும் உடலின் கடிகாரத்தைச் சீர்செய்யும். மூச்சு தடைபட்டு உரத்த குறட்டை வந்தாலும், வாரக்கணக்கில் உறக்கம் வராமற்போனாலும் மருத்துவரை நாட வேண்டும். அவர் சொல்லாமல் உறக்க மாத்திரையைத் தொடுதல் கூடாது.

அப்பத்தாவும் அம்மாயியும், அப்பாருவும் அப்புச்சியும் வீட்டில் இருப்பது பிள்ளைகளின் நற்பேறு. பெற்றோர் மில்லுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் வீட்டில், இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்தும் துணிவு பெரியோர்க்கே உண்டு. பேரனை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு எழும்போது, போதும் என்று நிறுத்தும் உரிமையும் அவர்க்கே உண்டு. ஒரு வாய்ப் பால், ஒரு நாயன்மார் கதை, தணிந்த விளக்கு ஆகிய மூன்றும் இருந்தால் எந்த இல்லத்திலும் பள்ளியறை சேவை நிறைவாகவே நடக்கும். அங்கே துயில்வது ஒரு குழந்தை, அதுவும் தெய்வந்தானே!