சாரலுக்கு மூன்று நாள்

எங்கள் ஊர் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். மலை பக்கத்தில் இருந்தும் ஆடி மாதத்தில் எங்களுக்குக் கிடைப்பது காற்றும் புழுதியும்தான். போன ஆடியில் ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார், "ஏங்கண்ணு, குத்தாலம் ரொம்பத் தொலைவா?" என்று கேட்டார். மாமனார் இருந்தவரை "அடுத்த வருஷம் போலாம்" என்றே நாற்பது வருஷம் ஓடிவிட்டதாம்!

அத்தைக்கு வயது 69. சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. "இந்த வயசுல மழையில எதுக்கும்மா?" என்று இழுத்தார் என் கணவர். நான் விடவில்லை. நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைக்கவும், வேளை தவறாமல் சாப்பிடவும், ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்காமல் இருக்கவும் சொன்னார். குளிக்கப் பருத்திப் புடவை வேண்டாம். நனைந்தால் கனத்து காலைத் தடுக்கும். அத்தைக்குச் சுடிதார் தைத்தேன். "இதென்னடி கூத்து!" என்று சிரித்தார்.

நாமக்கல்லில் இரவு ரயில் ஏறினால் காலையில் திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபையையும், தட்டினால் ஒலிக்கும் இசைத் தூண்களையும் பார்த்தோம். மதியம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்த குழம்பு இது. மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவார்கள். தேங்காய்ப்பால் மந்தம் தட்டாமல் இருக்க இஞ்சிப் பச்சடி துணைக்கு வரும். நம் பாட்டிமார்களுக்குத் தெரியாத வைத்தியமா! சம்பா கோதுமைப் பாலில் கிண்டிய அல்வாவில் அத்தைக்கு ஒரு விரல்நுனி அளவுதான் கொடுத்தேன். முறைத்தார், அசையவில்லை நான்.

அம்பாசமுத்திரம் போகும் வழியில் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பாய்க்குப் பெயர்போன ஊர். பட்டுப்பாயைத் தடவிப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டு, சாதாரணப் பாய் ஒன்று வாங்கினோம்.

மறுநாள் குற்றாலம் போனால், மலைமேல் மழை. அருவியில் குளிக்கத் தடை. என் ஏழு வயதுப் பையன் அழுதான். தடை போட்டால் வாதாடாதீர்கள், சகோதரிகளே. மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். நாங்கள் சித்திர சபைக்குப் போய் மூலிகை வண்ண ஓவியங்களைப் பார்த்தோம். பையனுக்கு ரம்புட்டான் பழம் வாங்கிக் கொடுத்ததும் அழுகை நின்றது.

ஒரு நாளைக் கையிருப்பாக வைத்திருந்தது நல்லதாயிற்று. மூன்றாம் நாள் காலை தடை நீங்கியது. பேரருவியில் பெண்கள் பகுதியின் ஓரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றார். இரண்டே நிமிஷம்தான். வெளியே வந்து தலை துவட்டும்போது, "உங்க மாமனாரும் இருந்திருக்கலாம் கண்ணு" என்றார்.

உங்கள் வீட்டிலும் "அடுத்த வருஷம்" என்று தள்ளிப்போட்ட பயணம் ஒன்று இருக்குமே? முதியவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நோட்டை எடுங்கள்.