செஞ்சி மலையடியில் அமெரிக்கப் பாடம்!

அமெரிக்காவின் பெரிய யூனிவர்சிட்டி ஒன்றுக்கும் நம்ம செஞ்சிக் கோட்டைக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு என்றால் நம்புவீர்களா? ‘ராஜா தேசிங்கு அங்கே போய்ப் படிச்சாரா?’ என்று அவசரப்படாதீர்கள். அவருக்குக் குதிரை ஏறவே நேரம் சரியாக இருந்தது!

இந்த விஷயத்தை நான் தேடிப் பிடித்ததற்குக் காரணம், கல்லூரியில் பாடம் நடத்தும் என் நண்பர். “கடைசி வருஷப் பசங்க சார். பாதிப் பேருக்கு அமெரிக்கா போகணும்னு ஆசை. அந்த நாட்டோட கலாசாரம், அரசாங்கம், பொருளாதாரம், பூகோளம்... நாலையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிடுங்களேன்” என்றார்.

“ஒரு மணி நேரத்திலா? கொலம்பஸுக்கே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்பவும் அது எந்த ஊருன்னு அவருக்குத் தெரியலை!” என்றேன். நண்பர் விடுவதாக இல்லை. சரி, வகுப்பறை வேண்டாம், கோட்டையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகால் நிழலில் இருபது மாணவர்கள் உட்கார்ந்தார்கள்.

முதலில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, அமெரிக்கா என்றதும் மனசில் தோன்றுவதை எழுதச் சொன்னேன். டாலர், ஹாலிவுட், சிலிக்கான் வேலி, ஸ்பைடர்மேன், ‘எங்க பெரியம்மா பையன்’ என்று வரிசையாக வந்தது. ஒரு சீட்டில் மட்டும் ‘கடன்’ என்று ஒரே வார்த்தை. எழுதிய பையனைப் பார்த்தேன்.

“எங்க அண்ணன் போயிட்டான் சார். வட்டி மட்டும் இங்கயே இருக்கு” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எலிஹூ யேல் கதையை ஆரம்பித்தேன்.

பீரங்கி அளந்த நிலம்

யேல் 1649ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். மூன்று வயசில் அங்கிருந்து கிளம்பியவர், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். சாதாரண குமாஸ்தாவாக வந்தவர், 1687ல் ஜார்ஜ் கோட்டை கவர்னர் ஆகிவிட்டார். (ஆபீஸில் பிரமோஷனுக்குக் காத்திருக்கும் நண்பர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

சிவாஜி 1677ல் செஞ்சியைப் பிடித்திருந்தார். கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் கம்பெனிக்கு வியாபார அனுமதி வேண்டுமென்றால் செஞ்சி தர்பாரைத்தான் கேட்க வேண்டும். 1681-82 வாக்கில் அப்படிப் பேச வந்த தூதர் யேல்! சிவாஜியின் மாப்பிள்ளை ஹர்ஜி ராஜா அப்போது இங்கே அதிகாரி.

1690ல் இன்னும் பெரிய பேரம். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். மொகலாயப் படை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கம்பெனிக்காக வாங்கினார் கவர்னர் யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம்? அங்கேதான் விஷயம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகுமோ அதுவரை! கம்பெனிக்காரர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பேர் வந்துவிட்டது. சர்வேயர் இல்லை, பத்திர ஆபீஸ் இல்லை. டமால்... கிரயம் முடிந்தது!

“அமெரிக்கா எங்க சார் வருது?” என்றான் ஒருவன்.

வருகிறது. சொந்த வியாபாரத்தில் அளவுக்கு மீறிச் சம்பாதித்தார் என்ற புகாரில் 1692ல் யேலின் பதவி போனது. சேர்த்த பணத்தோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவில் 1701ல் ஆரம்பித்த ஒரு சின்னக் கல்லூரி, கட்டடத்துக்குக் காசில்லாமல் அவரிடம் கை நீட்டியது. 1718ல் அவர் 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம், ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினார். மஸ்லின், காலிகோ துணியெல்லாம் அந்த மூட்டைகளில் இருந்தன. விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேலாக அதே பெயர்தான்.

அமெரிக்கக் கலாசாரத்தில் இது முக்கியமான பாடம். பணக்காரர் கொடுப்பார், கல்லூரி அவர் பெயரைச் சுமக்கும். நமக்கும் இது புதுசில்லை. பச்சையப்பன், அண்ணாமலை, அழகப்பா என்று நம் ஊரிலும் பெயர்ப் பலகைகள் உண்டே!

பாடத்தின் அடுத்த பாதி கொஞ்சம் கசப்பு. யேல் இருந்த காலத்தில் சென்னையிலிருந்து கப்பல்களில் அடிமைகளும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அந்த நிர்வாகத்தின் தலைமையில் அவரும் இருந்தார். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் யூனிவர்சிட்டி 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தன் பழைய கணக்கைத் தானே கிளறிப் பார்ப்பதும் அமெரிக்காவில் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நாடு புரியும்.

ஹைதர் அலி என்ற அமெரிக்கக் கப்பல்

செஞ்சியோடு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1780ல் இந்தக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து ஹைதர் அலியின் படை பிடித்தது. அதே சமயம் அமெரிக்கர்களும் ஆங்கிலேயரோடுதான் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். எதிரிக்கு எதிரி நண்பன் இல்லையா? பென்சில்வேனியா மாநிலம் தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயர் வைத்தது. 1782 ஏப்ரலில் அந்தக் கப்பல் தன்னைவிட வலுவான ஒரு பிரிட்டிஷ் கப்பலை மடக்கிப் பிடித்தது.

1781ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி யார் தெரியுமா? கார்ன்வாலிஸ். ஐந்து வருஷம் கழித்து அவரையே நமக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பி வைத்தார்கள். அங்கே ஃபெயில் ஆனவருக்கு இங்கே போஸ்டிங்!

எத்தனை தமிழ்நாடு?

அடுத்து பூகோளம். இந்தியாவைப் போல மூன்று மடங்கு அமெரிக்கா. டெக்ஸாஸ் என்ற ஒரு மாநிலத்துக்குள் ஐந்து தமிழ்நாட்டை அடக்கலாம். அலாஸ்காவுக்குள் பதின்மூன்று! அந்த அலாஸ்காவை 1867ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்டார்கள். பீரங்கி சுடாமல் முடிந்த கிரயம்.

நியூயார்க்கில் மதியச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு என்றால் சான்ஃபிரான்சிஸ்கோவில் காலை ஒன்பது, இட்லி நேரம். ‘அண்ணன் நியூயார்க்கில், சித்தி பையன் சான்ஃபிரான்சிஸ்கோவில், ஞாயித்துக்கிழமை பார்த்துப்பாங்க’ என்று அம்மாக்கள் நினைப்பார்கள். நடுவே நாலாயிரம் கிலோமீட்டர்!

ஆரணியும் வயோமிங்கும்

அரசாங்கத்துக்கு வந்தோம். “உங்க எம்.பி. தொகுதி எது?” என்றேன். “ஆரணி சார்.” செஞ்சி ஆரணி லோக்சபா தொகுதியில் வருகிறது. இங்கே எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டுப் பிரதமரைக் கவிழ்க்கலாம். 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழவில்லையா? அமெரிக்காவில் அந்தக் கதை நடக்காது. நாலு வருஷத்துக்கு ஜனாதிபதி ஜனாதிபதிதான். பதவி நீக்கத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. ஆனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இதுவரை எந்த ஜனாதிபதியும் அதில் பதவி இழந்ததில்லை.

செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர், பெரிசு சின்னது பேதமில்லை. கலிபோர்னியாவின் நாலு கோடி ஜனத்துக்கும் இரண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜனம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு! ஜனாதிபதி தேர்தலிலும் மாநிலக் கணக்குத்தான். மொத்தம் 538 தேர்வாளர் ஓட்டு, 270 வந்தால் ஜெயம். 2016ல் ஹிலாரி கிளின்டன் மக்கள் ஓட்டில் 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியும் டிரம்ப்தான் ஜெயித்தார்.

“என்ன சார் அநியாயம்!” என்றான் முன் வரிசைப் பையன். அவர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் தம்பி!

மல்லாட்டை பொருளாதாரம்

ஒருவன் பொட்டலத்தைப் பிரித்தான். இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை. பாடத்துக்குச் சரக்கு தானாகவே வந்துவிட்டது!

மல்லாட்டையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. கடல் தாண்டி வந்து நம் செம்மண்ணில் வேர்விட்டது. பக்கத்துத் திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. ரகங்கள் விவசாயிகளுக்குப் பழக்கமானவை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம்தான் கடலைக்கு முதலிடம். அங்கே கடலை விவசாயம் பார்த்த ஜிம்மி கார்ட்டர் 1977ல் ஜனாதிபதியே ஆனார்.

அமெரிக்காவில் நூறு பேரில் இரண்டு பேர்கூட விவசாயத்தில் இல்லை. ஆனாலும் கடலைக்கு அரசாங்கம் ஓர் ஆதார விலை வைத்திருக்கிறது. சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தால், திட்டத்தில் சேர்ந்த விவசாயிக்கு ஈடு கொடுக்கிறது. சுதந்திர வியாபாரம் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்யும் நாடு, தன் விவசாயியைச் சந்தையிடம் அப்படியே விட்டுவிடவில்லை. “இதை எங்க அப்பாகிட்ட சொல்லணும் சார்” என்றான் பொட்டலக்காரன்.

வட்டி இங்கே, முடிவு அங்கே

இப்போது சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்தேன். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். சீனாவையும் தாண்டிவிட்டோம். அவர்களில் எத்தனையோ பேருக்குப் பின்னால் நிலப் பத்திரமோ நகையோ வங்கியில் தூங்குகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஜனாதிபதி ஆணை போட்டார். நம் பணத்தில் எண்பது லட்சத்துக்கு மேல். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. தூக்கம் போனது நம்ம ஊர் வீடுகளில்.

வருஷத்துக்கு இத்தனை விசா என்று சட்டம் போடுவது அவர்களுடைய பார்லிமென்ட்டான காங்கிரஸ். ஆணை போடுவது ஜனாதிபதி. அது செல்லுமா என்று பார்ப்பது கோர்ட். அந்த ஆணையை எதிர்த்தும் வழக்குகள் போனது இப்படித்தான். இந்த மூன்று கைகளைத் தெரிந்து வைத்திருப்பவன் ஏஜென்ட் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டான். ‘போனதும் பார்ட் டைம் வேலையிலேயே கடனை அடைச்சிடலாம்’ என்று யாராவது சொன்னால், படிப்பு நடக்கும் நாட்களில் மாணவர் விசாவில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான், அதுவும் பொதுவாகக் கல்லூரி வளாகத்துக்குள்தான் என்று பதில் சொல்வான்.

போக வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. யேல் பாஸ்டனிலிருந்து வந்து இங்கே கணக்குப் பார்த்தாரே, நாம் அங்கே போய்ப் பார்த்தால் என்ன? ஆனால் அவர் பேரம் பேச வந்தபோது இந்த ஊரில் யார் ராஜா, யார் அதிகாரி, யாருக்குப் பணமுடை என்றெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருப்பார். நம் பசங்களும் அந்த விசாரணையை முடித்துவிட்டுக் கிளம்பட்டும் என்கிறேன்.

ஆன்சைட் கனவோடு ஆபீஸ் பஸ்ஸில் போகும் நண்பர்களுக்கும், வீட்டில் தம்பி தங்கையை அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு யோசனை. யாராவது ‘அமெரிக்கா போறேன்’ என்று சொன்னால் கைகொடுத்துவிட்டு, ‘எந்த மாநிலம்?’ என்று கேளுங்கள். அங்கே கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் என்ன, வாடகை என்ன, வேலை கிடைக்க ஒரு வருஷம் தாமதமானால் இங்கே வட்டி கட்டப்போவது யார் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். பதில் டக்டக்கென்று வந்தால் சந்தோஷமாக வழியனுப்புங்கள். வராவிட்டால், மல்லாட்டைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள்!